உப்பு உலையில ஒரு மூச்சு

காலை நீட்டிக்கோ. போர்வை போதுமா? சரி, அத்தை சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு அண்ணனும் தங்கச்சியும் இருந்தாங்க. ஊரு எங்கேயோ இல்ல, நம்ம தூத்துக்குடிதான். அண்ணன் பேரு ரெமிஜியுஸ், எல்லாரும் ரெமின்னு கூப்பிடுவாங்க. தங்கச்சி பேரு பிரகாசி. அப்பா இல்ல, அம்மா மட்டும். அம்மா பேரு லூர்து.

ம்.

ரெமிக்கு என்ன வேலை? கடலுக்கு அடியில போயி சங்கு எடுக்குறது. வல்லத்துல, அதான் மீன்பிடிப் படகுல, போவான். வல்லத்துல ஒரு மெஷின் உர்ர்ர் உர்ர்ர்னு ஓடும். அதுல இருந்து நீளமா ஒரு குழாய் வரும். அந்தக் குழாயை இடுப்புல சுத்திக் கட்டி, முனையை வாயில கவ்விக்கிட்டு தொபுக்குனு குதிப்பான். மேல மெஷின் காத்து அடிக்க அடிக்க, கீழ இவன் மூச்சு விட விட, குமிழி குமிழியா மேல வரும், மொளுக் மொளுக்னு. மடி நிறைய சங்கு எடுத்துட்டு வருவான். பெருசா எதாவது கிடைச்சா தங்கச்சி காதுல வெச்சு, "கேளு, கடல் உன்னைய கூப்பிடுது"ம்பான்.

அப்புறம் ஒரு நாள் என்ன ஆச்சு, காத்து திசை மாறிருச்சு. அது வரைக்கும் கடல் பக்கம் போயிட்டிருந்த எஞ்சின் புகை, திரும்பி அந்தக் காத்தடிக்கிற மெஷினுக்குள்ளயே போயிருச்சு. மேல இருந்தவங்களுக்குத் தெரியல. கீழ ரெமி மூச்சை இழுக்கான், நல்ல காத்துக்குப் பதிலா புகை வருது. தலை கிர்ர்ருனு சுத்துது. கை கால் ஆட மாட்டேங்குது. அப்போ மேல ஒருத்தர் பாத்தாரு, குமிழியைக் காணோம். "ஏய் இழுங்கலே! இழுங்க!"ன்னு கத்தினாரு. எல்லாருமா குழாயைப் பிடிச்சு சரசரசரன்னு இழுத்து ரெமியை வல்லத்துல போட்டாங்க.

"செத்துட்டானா அத்தை?"

இல்லம்மா, பிழைச்சுட்டான். ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் கிடந்தான். பிரகாசி அப்போ ஸ்கூல் படிக்கிற பிள்ளை. அண்ணன் மூக்குல ஆக்சிஜன் மாட்டியிருக்கு, அந்த சிலிண்டரையே பாத்துட்டு நின்னாளாம். டாக்டர் வந்தாரு.

"டாக்டர், கெட்ட காத்தை நல்ல காத்தா மாத்த முடியாதா?"ன்னு கேட்டா.

டாக்டருக்கு சிரிப்பு வரல. யோசிச்சாரு. "மரம் மாத்துதும்மா. நாம இழுத்து விட்ட காத்தை அது வாங்கிக்கிட்டு நல்ல காத்தா திருப்பிக் குடுக்குது. மனுசன் இன்னும் அதை ஒழுங்காக் கத்துக்கல"ன்னாரு.

"அப்ப நான் கத்துக்கிடுதேன்"ன்னா பிரகாசி.

ரெமி வீட்டுக்கு வந்தான். உடம்பு தேறிருச்சு. ஆனா ஒண்ணு மட்டும் தேறவே இல்ல. கதவைச் சாத்தினா அவனுக்கு ஆகாது. மழை அடிச்சாலும் கதவைத் திறந்து போட்டுத்தான் தூங்குவான். பஸ்ஸுல சன்னல் சீட்டு இல்லைன்னா ஏறமாட்டான், அடுத்த பஸ்ஸுக்கு நிப்பான். குளிக்கும்போது கூட கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு, அம்மா வெளிய காவல் நிக்கணும். சிரிக்காத. பாவம், அவன் நெஞ்சுக்குள்ள அந்தப் புகை அப்படியே நின்னுக்கிட்டு இருந்துச்சு. கடலுக்கு அப்புறம் போகவே இல்ல. கரையில உக்காந்து கிழிஞ்ச வலையைப் பொத்தித் தச்சுக் குடுத்து, தங்கச்சியைப் படிக்க வெச்சான்.

பிரகாசியும் படிச்சா, படிச்சா, அப்படிப் படிச்சா. படிச்சு முடிச்சு, உப்பளத்துக்குப் பக்கத்துல ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்துல வேலைக்குச் சேந்தா. அங்க தலைவி யாரு, பத்மாசனி மேடம். கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு, நடந்தா செருப்பு டக் டக் டக்னு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா எல்லாரும் எந்திரிச்சுருவாங்க.

மேடம் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. "செவ்வாய்க் கிரகத்துல மனுசன் தங்க ஒரு வீடு கட்டப்போறாங்க. அங்க காத்து இருக்கு, ஆனா அது பூரா கரியமில வாயு. மூச்சு விட முடியாது. இங்க இருந்து சிலிண்டர்ல கட்டிக்கொண்டு போனா எத்தனை நாளைக்குக் காணும்? அங்க இருக்கிற கெட்ட காத்துல இருந்தே நல்ல காத்தைப் பிரிக்கிற மெஷின் வேணும். யாரு செய்வீங்க?"

பிரகாசி கையைத் தூக்கிட்டா. பக்கத்துல இர்ஃபான்னு ஒருத்தன், அவனும் தூக்கினான்.

இந்தக் கரியமில வாயு எப்படி இருக்கும் தெரியுமா? மூணு பேரு கைகோத்துக்கிட்டு நிப்பாங்களே, அது மாதிரி. நடுவுல கரி, இந்தப் பக்கம் ஒரு ஆக்சிஜன், அந்தப் பக்கம் ஒரு ஆக்சிஜன். இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க, லேசுல விடமாட்டாங்க. அந்தக் கையை விடுவிக்கணும். விடுவிச்சா கரி தனியா கீழ விழும், ஆக்சிஜன் தனியா மேல வரும். எப்படி விடுவிக்கிறது? அதுக்கு ஒரு தினுசு உப்பு இருக்கு. நாம சோத்துல போடுற உப்பு இல்ல, அது வேற. அதை உலையில வெச்சு சூடு ஏத்தினா, நெருப்பு நிறத்துல தண்ணி மாதிரி உருகிரும். அதுக்குள்ள ரெண்டு கம்பியை விட்டு, கரண்ட்டைக் குடுத்து, கெட்ட காத்தை உள்ள விட்டா, ஒரு கம்பியில கரி படியும், இன்னொரு கம்பியில நல்ல காத்து வரும்.

ம் எங்க?

ம்.

முதல் தடவை உலையை மூட்டினாங்க. உப்பு உருகுச்சு, தகதகன்னு இருக்கு. ரெண்டு பேரும் வாயைப் பொளந்து பாத்துட்டு நிக்காங்க. அந்த உப்பு என்ன பண்ணுச்சு, பாத்திரத்தையே அரிச்சுருச்சு. அடியில ஓட்டை விழுந்து புஸ்ஸ்ஸ்ஸ்னு கொட்டிருச்சு. நல்ல வேளை, கீழ மணல் பரப்பியிருந்தாங்க. மேடம் டக் டக்னு வந்தாங்க. ஓட்டையைக் குனிஞ்சு பாத்தாங்க. "வேற பாத்திரம்"ன்னாங்க, போயிட்டாங்க.

அப்புறம் பாத்திரத்தை மாத்தி, உள்பூச்சை மாத்தி, ஒரு வருசம் போயிருச்சு. ரெண்டாவது தடவை உலை தாங்கிருச்சு. உப்பும் கொட்டாம நின்னுச்சு. கெட்ட காத்தை உள்ள விட்டாங்க. கொஞ்ச நேரத்துல மொளுக்... மொளுக்... மொளுக்னு குமிழி! இர்ஃபான் ஓடிப்போயி, அணையப்போற ஊதுபத்தி ஒண்ணைக் குழாய் முனையில காட்டினான். பக்குனு பிரகாசமா எரிஞ்சுது! ஆக்சிஜன் இருந்தாத்தான் அப்படி எரியும். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு குதிக்கிறாங்க. குதிச்சு முடிக்கல, டப்!

"என்ன டப்?"

கரி. கம்பியில படிஞ்ச கரி, முடி வளருற மாதிரி நீள நீளமா வளந்து, எதிர்க் கம்பியைத் தொட்டுருச்சு. ரெண்டு கம்பியும் தொட்டா கரண்ட் அடிச்சு அணைஞ்சுரும்ல. அன்னைக்கு பிரகாசி வீட்டுக்குப் போயி சாப்பிடவே இல்ல. கடக்கரையில போயி உக்காந்தா. அங்க வல்லத்தைக் கவுத்துப்போட்டு ரெண்டு பேரு அடியில ஒட்டின சிப்பியைச் சுரண்டிட்டு இருந்தாங்க, சரக் சரக்னு. நாள்பட விட்டா கெட்டியாயிரும், அப்பப்பச் சுரண்டினா லேசா வந்துரும். அதைப் பாத்துட்டே இருந்தவ சடக்குனு எந்திரிச்சா. மணல்ல செருப்பை விட்டுட்டு ஓடினா பாரு! மறுநாள் கரிக்கம்பியை மெதுவா சுத்த வெச்சு, பக்கத்துல ஒரு சுரண்டி வெச்சுட்டா. கரி வளர வளர, பொலபொலன்னு கீழ உதிர்ந்துருச்சு. எதிர்க் கம்பிப் பக்கமே போகல.

அப்புறம் மூணாவது. அதுதான் பெரிய சோதனை.

காத்துப் புகாத ஒரு அறை. செவ்வாய் வீடு மாதிரியே கட்டியிருந்தாங்க. உள்ள ரெண்டு பேரு இருக்கணும். அவங்க விட்ட மூச்சை மெஷின் வாங்கி நல்ல மூச்சாக்கித் திருப்பிக் குடுக்கணும். ஒரு வாரம் கதவைத் திறக்கக்கூடாது. திறந்தா சோதனை போச்சு. செவ்வாய் நமக்குக் கிட்ட வரும்போதுதான் ராக்கெட் விடுவாங்க. அந்த நேரத்தை விட்டா இன்னும் ரெண்டு வருசம் காத்திருக்கணும்.

உள்ள போறது பிரகாசியும் இர்ஃபானும்னு பேச்சு. முந்தின நாள் பாத்து இர்ஃபானுக்கு உடம்பெல்லாம் அம்மை போட்டுருச்சு! மேடம் மத்தவங்களைப் பாத்து, "யாரு போறீங்க?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் தரையைப் பாத்தாங்க. தப்பில்ல, அவங்கவங்களுக்குப் பயம் இருக்கும்ல.

அப்போ அம்மாவும் ரெமியும் பிரகாசியை வழியனுப்ப வந்திருந்தாங்க. வாசல்ல நின்ன ரெமி சொன்னான், "நான் போறேன்."

அம்மா அவன் சட்டையைப் பிடிச்சுட்டா. "ஏலே, உனக்குப் பைத்தியமா? கக்கூஸ் கதவைச் சாத்த மாட்டாம இருக்கிறவன் நீ! நீ ஒரு தடவை மூச்சு முட்டிக் கிடந்ததைப் பாத்தது போதாதா எனக்கு?"

"எம்மா, அவ எனக்காகத்தான செஞ்சா"ன்னான் ரெமி. அம்மா பிடிச்ச சட்டையை விட்டா.

டாக்டர் வந்து நெஞ்சைத் தட்டிப் பாத்து சரின்னாரு. மறுநாள் ரெண்டு பேரும் உள்ள போனாங்க. கதவைச் சாத்தினாங்க. டொம்ம். அவ்வளவுதான், ரெமிக்கு வேர்த்துக் கொட்டுது.

"பிரகாசி, இந்தக் கதவு திறக்குமா?"

"திறக்கும்ணே. கைப்பிடி உள்பக்கம்தான் இருக்கு. நீ அது பக்கத்துலயே உக்காரு. உனக்கு எப்பத் தோணுதோ அப்பத் திற. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"உன் மெஷினு?"

"மெஷின் கிடக்கட்டும்."

ரெமி அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்தான். சாப்பிடும்போதும் ஒரு கை அதுலதான். தூங்கும்போதும் அதுலதான். வட்டமா ஒரு கண்ணாடி இருந்துச்சு, அதுக்கு அந்தப் பக்கம் அம்மா ஸ்டூல் போட்டு உக்காந்துட்டா. இவன் பாக்கும்போதெல்லாம் அவ சிரிப்பா, இவன் திரும்பினதும் கண்ணைத் துடைச்சுப்பா. உள்ள மெஷின் பாட்டுக்கு விர்ர்ர்னு ஓடுது. சுவத்துல ஒரு முள்ளு, காத்து நல்லாருந்தா பச்சையில நிக்கும், கெட்டுப்போனா சிவப்புக்கு ஏறும். அது பச்சையிலேயே நின்னுச்சு.

தூங்கிட்டியா?

"ம்ஹூம். சொல்லு."

அப்புறம் சோதனை முடியப்போற நேரம், நல்ல மத்தியானம், வானம் கருகருன்னு வந்துச்சு. புயல் மழை. சோன்னு ஊத்துது. வெளிய டமார்னு ஒரு சத்தம், டிரான்ஸ்பார்மர் வெடிச்சுருச்சு. கரண்ட் போயிருச்சு. ஜெனரேட்டரைப் போடலாம்னு ஓடுனா, அதுக்குள்ள மழைத்தண்ணி புகுந்து அது இருமி இருமி நின்னுருச்சு. உள்ள விர்ர்ர்னு ஓடிட்டிருந்த மெஷின் விர்... வி... நின்னுருச்சு. ஒரே அமைதி.

முள்ளு மெதுவா நகர ஆரம்பிச்சுது.

பிரகாசி கையில டார்ச் இருந்துச்சு. முள்ளைப் பாத்தா, அண்ணனைப் பாத்தா. அவன் முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. அவ நேரா கதவுக்குப் போனா. "போதும்ணே. திறந்துருவோம். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

ரெமி மூச்சை அடக்கிக் கேட்டான், "மெஷின் செத்துப்போச்சா?"

"சாகல. உப்பு இன்னும் உருகித்தான் இருக்கு. சூடு ஆறி உறைஞ்சுட்டா பாத்திரம் விரிசல் விட்டுரும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்குள்ள கரண்ட் வந்துட்டா எந்திரிச்சுக்கும்."

"அந்த முள்ளு?"

"சிவப்பைத் தொடுற வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆகாது. தொட்டா திறந்தே ஆகணும். ஆனா நீ அது வரைக்கும் இருக்க வேண்டாம்ணே."

ரெமி அந்த முள்ளைப் பாத்தான். அப்புறம் என்ன செஞ்சான் தெரியுமா? அந்தக் கைப்பிடியில இருந்து கையை எடுத்தான். எந்திரிச்சுப் போயி, தன்னோட போர்வையை எடுத்தான், அவ போர்வையையும் எடுத்தான், மெத்தையை உருவினான். "ஆறக்கூடாதுன்னியே, பிடி அந்தப் பக்கம்"ன்னான்.

மெஷினோட வெளிப்பக்கம் வெந்நீர்ப் பானை மாதிரி கதகதன்னு இருக்கும், அவ்வளவுதான். ரெண்டு பேரும் போர்வையைச் சுத்தி, மெத்தையைச் சுத்தி, காய்ச்சல்காரனைப் போத்துற மாதிரி போத்திட்டாங்க. மெத்தை நழுவாம ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டு உக்காந்துட்டான் ரெமி. அவ மெதுவா சொன்னா, "பேசாத, அசையாத. எவ்வளவு கம்மியா மூச்சு விடுறமோ அவ்வளவு நல்லது."

அவனுக்கா சொல்லித்தரணும்? கடலுக்கு அடியில இருந்தவன். கண்ணை மூடிக்கிட்டான். நீளமா... மெதுவா... ஒரு மூச்சு. அவளும் அவனைப் பாத்து அப்படியே விட்டா. நீயும் விட்டுப் பாரேன். ஆங், அப்படித்தான்.

வெளிய என்ன நடந்துச்சு? கண்ணாடி வழியா அம்மா பாக்குறா, மகன் கைப்பிடியை விட்டுட்டு மெஷினைக் கட்டிப்பிடிச்சுட்டு இருக்கான். அம்மா மேடத்தைப் பாத்து, "என்ன வேணும் உங்களுக்கு, சொல்லுங்க"ன்னா.

"ஜெனரேட்டர் வேணும்மா. எங்கே போறது இந்த மழையில?"

அம்மா சீலையை இடுப்புல வரிஞ்சு கட்டிட்டு வெளிய இறங்கிட்டா. மேடமும் செருப்பைக் கழத்திப் போட்டுட்டுப் பின்னாலயே ஓடுறாங்க. முழங்காலளவு தண்ணி, சளக் சளக் சளக். ரோட்டு முனையில ஒரு கல்யாண மண்டபம். உள்ள ஜேஜேன்னு கூட்டம், லைட்டு, பாட்டு, பந்தி நடந்துட்டு இருக்கு. பின்னால சக்கரம் வெச்ச பெரிய ஜெனரேட்டர் தடதடன்னு ஓடுது.

அம்மா சொட்டச் சொட்ட மேடைக்கே போயிட்டா. பொண்ணும் மாப்பிள்ளையும் முழிக்காங்க. "எம்மா, உங்க கல்யாணத்தைக் கெடுக்கணும்னு வரல. என் ரெண்டு பிள்ளையும் அடைச்ச அறைக்குள்ள கிடக்கு. காத்து செய்யுற மெஷின் கரண்ட் இல்லாம நின்னுருச்சு. உங்க ஜெனரேட்டரைக் குடுங்க"ன்னா.

பொண்ணோட அப்பா ஒரு நிமிசம் தயங்கினாரு, சாப்பாட்டு நேரமாச்சே. கல்யாணப் பொண்ணுதான் சொல்லுச்சு, "அப்பா, குடுங்கப்பா. தாலி கட்டியாச்சு, இனி இருட்டுல சாப்பிட்டா என்ன?"

அப்புறம் என்ன! லைட்டை அணைச்சாங்க. பந்தியில பாதி பேரு இலையை விட்டு எந்திரிச்சு வந்தாங்க. சமையல்காரங்க வந்தாங்க. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்தாரு. "ஏலோ, தள்ளு! ஏலோ, தள்ளு!" தண்ணிக்குள்ள அந்தச் சக்கர வண்டியைத் தள்ளிட்டு வாராங்க. ரெண்டு பேரு மேல தார்ப்பாயைப் பிடிச்சுட்டே வந்தாங்க, மழை படாம.

உள்ள முள்ளு சிவப்புக்குப் பக்கத்துல வந்துருச்சு. பிரகாசிக்குத் தலை வலிக்குது. அவ கையைக் கைப்பிடியில வெச்சுட்டா. இன்னும் கொஞ்சம் நகந்தா திறந்துருவா, அதுல மாத்தமே இல்ல. அப்போ வெளிய தடதடதடன்னு சத்தம். அறையில லைட்டு மினுக் மினுக்னு... பளிச்! மெஷின் ஒரு முனகல் முனகுச்சு. உர்ர்... உர்ர்... ரெமி மெத்தை மேல காதை வெச்சுக் கேட்டான். அப்புறம் அவன் முகம் மலர்ந்துச்சு. "ஏட்டி, குமிழி கேக்குது!"

மொளுக். மொளுக். மொளுக்.

முள்ளு கொஞ்சம் நின்னு யோசிச்சுது. அப்புறம் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்புச்சு.

மேடம் தலையில இருந்து தண்ணி சொட்டச் சொட்ட வந்து கண்ணாடி வழியாப் பாத்தாங்க. "கதவு திறக்கலையே? அப்பச் சோதனை நடக்குது"ன்னாங்க. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னு அழுதாங்களாம். அம்மாதான் பாத்துட்டு அப்புறமா பிள்ளைங்ககிட்டச் சொன்னா.

அப்புறம் நாள் முடிஞ்சு கதவு திறந்துச்சு. ரெமி வெளிய வந்து மழைக்காத்தை ஒரு இழுப்பு இழுத்தான். "இதை விட உள்ள நல்லாருந்துச்சு"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க.

"அவனுக்குப் பயம் போயிருச்சா?"

முழுசாப் போகலம்மா. இன்னமும் வீட்டுல கதவைத் திறந்து போட்டுத்தான் தூங்குறான். ஆனா பஸ்ஸுல நடு சீட்டு கிடைச்சாலும் ஏறி உக்காந்துக்கிறான்.

அந்த மெஷினைப் பெருசா, ஒரு வீடு அளவுக்குச் செஞ்சு, ஒரு சிமெண்டு பேக்டரிப் புகைபோக்கியில மாட்டினாங்க. வெயில்ல இருந்து எடுத்த கரண்ட்டுலதான் அது ஓடுது. வானத்துக்குப் போயி உலகத்தைச் சூடாக்க இருந்த கரியமில வாயுவுல கொஞ்சம், கரியா உதிருது. பேட்டரி செய்யுறவங்க அதை அள்ளிட்டுப் போறாங்க. ஆக்சிஜனைச் சிலிண்டர்ல அடைச்சு ஆஸ்பத்திரிக்குக் குடுக்காங்க. ஒரு புகைபோக்கிக்குத்தான் ஆச்சு. இன்னும் எவ்வளவோ இருக்கு. புகை கம்மியா விடவும் எல்லாரும் பழகணும், மரமும் வைக்கணும். ஆனா பிரகாசியும் இர்ஃபானும் இப்ப ரெண்டாவதுக்கு அளவெடுத்துட்டு இருக்காங்க.

"அத்தை... செவ்வாய்க்கு...?"

போச்சு, போச்சு. அந்தச் சின்ன மெஷின் ராக்கெட் ஏறி, மாசக்கணக்காப் பயணம் போயி, செவ்வாயில இறங்குச்சு. சிவப்பு மண்ணு, சிவப்பு மலை. நடுவுல, முன்னாடியே ராக்கெட்டுல அனுப்பி வெச்ச உருண்டையான ஒரு வீடு. உள்ள யாருமே இல்ல. ஆளுங்க இன்னும் கிளம்பவே இல்ல, அதுக்கு நாளாகும். மெஷின் மட்டும் தன்னால கண்ணு முழிச்சு, உப்பை உருக்கி, வெளிய இருக்கிற காத்தை இழுத்து, வேலையைத் தொடங்கிருச்சு. கட்டில் காலியாக் கிடக்கு. தட்டு, டம்ளர் எல்லாம் அடுக்கி இருக்கு. வரப்போறவங்க யாருன்னு கூட அதுக்குத் தெரியாது. ஆனா அவங்களுக்குன்னு மூச்சு செஞ்சு வெச்சுக்கிட்டே இருக்கு, மொளுக்... மொளுக்... மொளுக்னு...

ஒரு நாள் அங்க இருந்து சேதி வந்துச்சு. வீடு பூரா நல்ல காத்து நிறைஞ்சுருச்சு, இனிமே வரலாம்னு.

...

ம் நின்னுருச்சா? சரி, கதையும் நின்னுருச்சு. நீளமா ஒரு மூச்சு விடு, தங்கம். தூங்கு.